மார்ச் மாதத்துக் கடித உறை

ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாத நடுவில் லண்டன் வீடுகளின் கதவுத் துவாரம் வழியே ஒரே மாதிரியான கடித உறை ஒன்று வந்து விழும். ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டுக்கு எவ்வளவு கவுன்சில் வரி, அதாவது உள்ளூராட்சி மன்றமான கவுன்சிலுக்குரிய வீட்டு வரி, கட்ட வேண்டும் என்ற கணக்கு அதற்குள் இருக்கும். பக்கத்து வீட்டு அன்ரி அந்த உறையை இரண்டு நாள் பிரிக்காமலே வைத்திருந்துவிட்டு, ஒரு சனிக்கிழமை காலையில் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அவருக்கு வயது எழுபத்தாறு. அங்கிள் எண்பதைத் தாண்டிவிட்டார். நான்கு ஆண்டுகளாக மறதி நோய். நான் கணக்கைப் படித்துச் சொன்னதும் அன்ரி கேட்டது, இந்த ஊருக்கு வந்த நாள் முதலாக நான் கேட்டுவரும் கேள்விதான்.

“தம்பி, மாசா மாசம் இவ்வளவு காசை வாங்கிப்போட்டு இவங்கள் என்ன செய்யிறாங்கள்? குப்பையைக்கூட ரெண்டு கிழமைக்கு ஒருக்காத்தானே எடுக்கிறாங்கள்!”

அவர் சொல்லி முடிப்பதற்குள் வாசல் மணி அடித்தது. நீலச் சட்டை அணிந்த ஓர் இளம்பெண் உள்ளே வந்து, கையைக் கழுவிக்கொண்டு, முன்னறையில் போட்டிருக்கும் கட்டிலில் படுத்திருந்த அங்கிளை எழுப்பி முகம் துடைக்கத் தொடங்கினார். காலையில், மதியத்தில், பின்னேரத்தில், படுக்கப்போகும் நேரத்தில் என்று ஒரு நாளைக்கு நான்கு தடவை இப்படி யாராவது ஒருவர் வருகிறார். அன்ரிக்கு அவர்கள் எல்லோரும் “கேரர் பிள்ளையள்”. அந்தப் பிள்ளையை அனுப்புவது யார் என்று கேட்டேன். சட்டையில் பொறித்திருந்த நிறுவனத்தின் பெயரைச் சொன்னார். அந்த நிறுவனத்துக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்று கேட்டேன். “ஆஸ்பத்திரியாத்தான் இருக்கும்” என்றார்.

ஆஸ்பத்திரி அல்ல, கவுன்சில்தான். அங்கிள் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய வாரத்தில் மடிக்கணினியோடு ஒரு பெண் வந்து நெடுநேரம் கேள்வி கேட்டுக் குறித்துக்கொண்டு போனது அன்ரிக்கு நினைவிருந்தது. அவர் கவுன்சிலின் சமூகப் பணியாளர் என்பது மட்டும் மனத்தில் பதியவில்லை. 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டப்படி, பராமரிப்புத் தேவைப்படுவதாகத் தோன்றும் எவருடைய தேவையையும் மதிப்பிட்டுப் பார்ப்பது உள்ளூர் கவுன்சிலின் கடமையாகும். தேவையைப் பார்த்த பிறகு காசைப் பார்ப்பார்கள். சேமிப்பு 23,250 பவுண்டுக்கு மேல் இருந்தால் செலவு முழுவதையும் அவரே ஏற்க வேண்டும். அதற்குக் குறைவானால், வருமானத்தைக் கணக்கிட்டு அவருடைய பங்கைச் சொல்லிவிட்டு மிகுதியைக் கவுன்சில் கொடுக்கும். வீட்டிலிருந்தபடியே பராமரிப்புப் பெறுகிறவருக்கு, அவர் குடியிருக்கும் வீட்டின் பெறுமதி அந்தக் கணக்கில் சேராது. மருத்துவம் இலவசமாகவும் பராமரிப்பு வசதிக்கேற்ற கட்டணத்துடனும் இருக்கும் இந்த நாட்டில், இரண்டுக்கும் இடையிலுள்ள கோடு எங்கே ஓடுகிறது என்பது இங்கே பிறந்தவர்களுக்கே குழப்பம் என்னும்போது, அன்ரியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அந்தக் காலைப்பொழுதில் எனக்கு ஒன்று விளங்கியது. லண்டனின் உள்ளூராட்சி செலவிடும் பணத்தின் பெரும்பங்கு முதியோர், மாற்றுத்திறனாளிகள், ஆதரவு தேவைப்படும் குழந்தைகள், வீடற்றவர்கள் ஆகியோருக்குப் போகிறது. தெருவில் நிற்பவர் கண்ணில் படுகிற குப்பை வண்டி, தெருவிளக்கு, பூங்கா, நூலகம் எல்லாம் மிச்சத்தில் நடப்பவை. கவுன்சிலின் மிகப் பெரிய சேவை பிறர் வீட்டு முன்னறையில், இன்னொரு நிறுவனத்தின் சட்டையை அணிந்துகொண்டு நடப்பதால் அது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. ஆகவே அதைக் குப்பைத்தொட்டியை வைத்தே எல்லோரும் எடைபோடுகிறோம்.

லண்டன் என்பது ஆட்சி அளவில் ஒரு நகரம் அல்ல. தனித்தனிக் கவுன்சில் கொண்ட 32 பரோக்கள் என்ற உள்ளூராட்சிப் பகுதிகளும், அவற்றோடு சேராமல் தனித்து நிற்கும் சிட்டி ஒஃப் லண்டன் என்ற பழைய வணிக நகரும் கூடியதுதான் லண்டன். 1963ஆம் ஆண்டின் லண்டன் ஆட்சிச் சட்டம் பழைய சிறு நகரசபைகளை இணைத்து இந்தப் பரோக்களை உருவாக்கியது. 1965 ஏப்ரல் முதலாம் திகதி அவை பொறுப்பேற்றன. மேலே இருந்த பெருநகர லண்டன் கவுன்சிலை மார்கரெட் தாட்சரின் அரசு 1986இல் கலைத்துவிட்டது. அதன்பின் 2000ஆம் ஆண்டில் லண்டன் மேயர் பதவி வரும்வரை, நகரம் முழுவதற்கும் பொதுவாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்சி என்று ஒன்று இருக்கவில்லை. அந்த இடைவெளியில் பரோக்களே தங்களுக்குள் கூட்டுச் சேர்ந்து காரியம் பார்த்தன. குப்பை அதற்கு நல்ல எடுத்துக்காட்டு: பார்னட், கம்டன், என்ஃபீல்ட், ஹக்னி, ஹரிங்கே, இஸ்லிங்டன், வோல்தம் ஃபொரஸ்ட் என்ற ஏழு பரோக்களும் தங்கள் வீடுகளில் சேகரிக்கும் குப்பையை வட லண்டன் கழிவு ஆணையம் என்ற கூட்டமைப்பிடம் ஒப்படைக்கின்றன, பெரும்பகுதி எட்மன்டன் ஆலையில் எரிக்கப்பட்டு மின்சாரமாகிறது. தொட்டியைக் காலி செய்வது ஓர் ஆட்சி, குப்பையை அழிப்பது இன்னோர் ஆட்சி.

தெருவும் அப்படித்தான். சிவப்புக் கோடு போட்ட பெருஞ்சாலைகள் லண்டன் மேயரின் கீழுள்ள லண்டன் போக்குவரத்து நிறுவனத்துக்கு உரியவை. நீளத்தில் அவை நகரத்துச் சாலைகளில் ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்துதான். மற்ற எல்லாத் தெருவும், நடைபாதையும், அதிலுள்ள பள்ளமும் பரோவுக்கு உரியவை. பேருந்து மேயருடையது; பேருந்துக்குக் காத்து நிற்கும்போது காலை இடறும் கல் பெரும்பாலும் கவுன்சிலுடையது. அன்ரி வீட்டு வாசலில் அப்படி ஒரு கல் இருக்கிறது. மரத்தின் வேர் தள்ளி அது ஒரு பக்கம் எழும்பி நிற்கிறது. அங்கிளின் சக்கர நாற்காலி ஒவ்வொரு முறையும் அதில் முட்டி நின்றுவிடும்.

மறுபடியும் அன்ரியின் வரிப் பட்டியலுக்கு வருகிறேன். அதில் கவுன்சிலுக்கான தொகைக்குக் கீழே இன்னும் இரண்டு தொகைகள் உண்டு. ஒன்று, முதியோர் உள்ளிட்டோரின் பராமரிப்புக்கென்று 2016ஆம் ஆண்டு முதல் அரசு அனுமதித்த கூடுதல் வரி. மற்றது, காவல், தீயணைப்பு, போக்குவரத்து ஆகியவற்றுக்காக மேயரின் ஆட்சிக்குப் போகும் பங்கு. இந்த இரண்டாவது பங்கைப் பரோ வசூலித்துக் கொடுக்கிறதே தவிர, அதில் ஒரு காசையும் வைத்துக்கொள்வதில்லை. இப்படி ஒரு பரோ மேலிடத்துக்காக வரி வசூலிப்பது புதிய ஏற்பாடல்ல. அதை மறுத்ததற்காக ஒரு முறை கவுன்சிலர்கள் சிறைக்கே போயிருக்கிறார்கள்.

1921இல் கிழக்கு லண்டனில் பொப்லர் என்றொரு பழைய, சிறிய பரோ இருந்தது; இன்று அது டவர் ஹம்லெட்ஸின் ஒரு பகுதி. துறைமுகத் தொழிலாளர் வாழ்ந்த இடம்; போருக்குப் பிந்தைய மந்தத்தில் வேலை இல்லாதவர் தொகை பெருகியிருந்தது. அந்நாளில் வேலையற்றோருக்கும் ஏழைகளுக்கும் நிவாரணம் கொடுக்க வேண்டிய செலவு அந்தந்தப் பகுதியின் தலையில்தான் விழுந்தது. ஏழைகள் எங்கே அதிகமோ அங்கே செலவு அதிகம், வரி கட்டக்கூடிய செல்வர்களோ அங்கே குறைவு. மேற்கு லண்டனில் அதே வீதத்தில் வரி போட்டால் பல மடங்கு பணம் சேர்ந்தது. ஜோர்ஜ் லான்ஸ்பரியின் தலைமையிலிருந்த பொப்லர் கவுன்சில், தன் மக்களுக்குரிய நிவாரணத்துக்கு மட்டும் வரி வசூலிப்பதாகவும், லண்டன் மாவட்டக் கவுன்சிலுக்கும் காவல்துறைக்கும் வேறு அமைப்புகளுக்கும் சேர வேண்டிய பங்கை வசூலிக்கப்போவதில்லை என்றும் முடிவெடுத்தது. வழக்கு வந்தது. 1921 ஜூலை 29ஆம் திகதி கவுன்சிலர்கள் வாத்தியம் முழங்க ஊர்வலமாக நீதிமன்றத்துக்கு நடந்துபோனார்கள். “பொப்லர் பரோ கவுன்சில் உயர் நீதிமன்றத்துக்குப் போகிறது, ஒருவேளை சிறைக்கும் போகலாம்” என்று அவர்கள் ஏந்திய பதாகையில் எழுதியிருந்தது. சிறைக்குத்தான் போனார்கள். முப்பது பேர், ஆண்கள் பிரிக்ஸ்டனிலும் பெண்கள் ஹொலோவேயிலும் அடைக்கப்பட்டார்கள். அங்கேயும் விடவில்லை: பெண் உறுப்பினர்களை ஹொலோவேயிலிருந்து வண்டியில் அழைத்துவரச் செய்து, பிரிக்ஸ்டன் சிறைக்குள்ளேயே கவுன்சில் கூட்டம் நடத்தினார்கள். ஏறக்குறைய ஆறு வாரத்தில் விடுதலையானார்கள். ஏழை நிவாரணச் செலவை லண்டன் பரோக்கள் எல்லாம் பகிர்ந்துகொள்ளும்படி அந்த ஆண்டே சட்டம் மாறியது. சிறை சென்றவர்களுள் ஒருவரான மினி லான்ஸ்பரி 1922 புத்தாண்டு நாளில் நோயுற்று இறந்தார்; போ வீதியில் அவர் நினைவாக ஒரு கடிகாரம் இன்றும் தொங்குகிறது. அந்த வீதியால் போகும் பேருந்தின் மேல்தட்டில் உட்கார்ந்தால் கண்ணெதிரே தெரியும். நான் பல ஆண்டுகள் அதில் நேரத்தை மட்டும் பார்த்திருக்கிறேன்.

பொப்லர் எழுப்பிய சிக்கல் முற்றாகத் தீரவில்லை, உருமாறியிருக்கிறது. இன்றைய கவுன்சில் வரி, 1990இல் பெரும் கலவரத்தைக் கிளப்பிய, ஆளுக்கு இவ்வளவு என்று போட்ட தலைவரிக்குப் பதிலாக 1993இல் அவசரமாகக் கொண்டுவரப்பட்டது. ஒவ்வொரு வீடும் 1991 ஏப்ரல் முதலாம் திகதி விற்றிருந்தால் என்ன விலைக்குப் போயிருக்கும் என்று மதிப்பிட்டு, ஏ முதல் எச் வரை எட்டுப் படிகளில் ஒன்றில் அதை உட்கார்த்தினார்கள். 40,000 பவுண்டு வரையுள்ளவை ஏ. 320,000 பவுண்டைத் தாண்டியவை எல்லாம் எச். இங்கிலாந்தில் இந்த மதிப்பீடு அதன்பின் ஒரு முறைகூடப் புதுப்பிக்கப்படவில்லை. போன ஆண்டு கட்டிய அடுக்குமாடி வீட்டைக்கூட, அது 1991இல் இருந்திருந்தால் என்ன விலை என்று கற்பனை செய்துதான் படியில் வைக்கிறார்கள். எச் படியிலுள்ள மாளிகை, ஏ படியிலுள்ள ஓரறை வீட்டைப்போல் மூன்று மடங்குதான் கட்டும். அது முப்பது மடங்கு விலைக்குப் போனாலும் மூன்று மடங்குதான். நாட்டிலேயே மிகக் குறைந்த கவுன்சில் வரி வாங்கும் இடங்களில் வெஸ்ட்மின்ஸ்டரும் வான்ஸ்வொர்த்தும் உள்ளன என்பதைப் புறநகரில் சிறு வீட்டுக்கு அதைவிட அதிகம் கட்டுகிற நம்மவர்கள் நம்பவே மறுப்பார்கள்.

வரியை விருப்பம்போல் உயர்த்தவும் முடியாது. அண்மைய ஆண்டுகளில், மக்கள் வாக்கெடுப்பு இல்லாமல் உயர்த்தக்கூடிய எல்லை பொதுவாக நூற்றுக்கு ஐந்து. குரோய்டன் கவுன்சில் 2020 நவம்பருக்கும் 2022 நவம்பருக்கும் இடையில் மூன்று முறை, வரவு செலவைச் சமன்செய்ய முடியாது என்று சட்டப்படி அறிவிக்க வேண்டிய நிலைக்கு வந்தபோது, 2023இல் 15 விழுக்காடு உயர்த்த அரசு சிறப்பு அனுமதி கொடுத்தது. கவுன்சில் தொடங்கிய வீடு கட்டும் நிறுவனமும் சொத்து முதலீடும் கைகொடுக்காமல் போனதன் விலையை அங்கே குடியிருப்பவர்கள் தலைக்குத் தலை கொடுத்தார்கள்.

பணம் தேவைப்படும்போது கவுன்சில்களின் கை எங்கெல்லாம் நீளும் என்பதற்குப் பார்னட் வழக்கைச் சொல்ல வேண்டும். குடியிருப்பாளரின் வாகன நிறுத்த அனுமதிக் கட்டணத்தை அந்தப் பரோ 40 பவுண்டிலிருந்து 100 ஆகவும், விருந்தாளிகளுக்கான சீட்டை ஒரு பவுண்டிலிருந்து நான்காகவும் 2011இல் உயர்த்தியது. தெருவாசிகள் வழக்குப் போட்டார்கள். வாகன நிறுத்தக் கட்டணம் நெரிசலை ஒழுங்கு செய்வதற்கே உரியது, வேறு செலவுக்குப் பணம் திரட்டும் வரியாக அதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2013இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பூசைக்கோ பிறந்தநாளுக்கோ இருபது பேரைக் கூப்பிடும் நம் வீடுகளுக்கு விருந்தாளிச் சீட்டின் விலை சின்ன விடயமல்ல.

நூலக விடயத்தில் நீதிமன்றம் அப்படிக் கைகொடுக்கவில்லை. 1964ஆம் ஆண்டின் சட்டம் ஒவ்வொரு பரோவும் முழுமையான, திறமையான நூலகச் சேவையை நடத்த வேண்டும் என்கிறது; எத்தனை நூலகம் என்று அது சொல்லவில்லை. 2010க்குப் பின் மத்திய அரசின் நிதி சுருங்கியபோது பிரென்ட் கவுன்சில் தன் பன்னிரண்டு நூலகங்களில் ஆறை 2011இல் மூடியது. குடியிருப்பாளர்கள் வழக்கில் தோற்றார்கள். மூடப்பட்டவற்றுள் கென்சல் ரைஸ் நூலகமும் ஒன்று. 1900ஆம் ஆண்டில் மார்க் ட்வெய்ன் வந்து திறந்துவைத்தது. 2012 மே மாதத்தில் ஒரு விடியற்காலையில் புத்தகங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். பின்னர் ஊரவர்கள் விடாமல் போராடி, அதே கட்டடத்தின் ஒரு பகுதியைத் தாங்களே நடத்தும் நூலகமாக மீட்டெடுத்தார்கள். 1981இல் யாழ்ப்பாணத்து நூலகம் எரிந்ததைச் சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். புத்தகங்களைப் பொலிஸ் காவலோடு ஏற்றிக்கொண்டு போகும் செய்தி எங்கள் வீட்டில் வேறு விதமாகத்தான் ஒலித்தது. இரண்டையும் ஒப்பிட முடியாது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் அப்பா அன்று முழுவதும் பேசவில்லை. லண்டன் நூலகங்களின் தமிழ் அலமாரிகளை நம்பி மாலை நேரத்தைக் கழித்த தலைமுறை அவருடையது.

திட்ட அனுமதியைப் பற்றி நீட்டி எழுத இங்கே இடமில்லை. பக்கத்து வீட்டார் கட்டடத்தை நீட்டப்போவதாக விளக்குக் கம்பத்தில் ஓர் அறிவித்தல் தொங்கினால், கருத்துச் சொல்ல வழக்கமாக இருபத்தொரு நாள் தருவார்கள் என்பதையும், வெளிச்சம் மறையும், அந்தரங்கம் கெடும் என்பவை எடுபடும், என் வீட்டு விலை குறையும் என்பது எடுபடாது என்பதையும் மட்டும் சொல்லிவிடுகிறேன். பிறப்பைப் பதியக் கவுன்சிலுக்கு 42 நாளுக்குள்ளும், இறப்பைப் பதிய, மருத்துவச் சான்றிதழ் பதிவாளருக்குக் கிடைத்த பிறகு ஐந்து நாளுக்குள்ளும் போக வேண்டும். தகப்பன் பெயரை முன்னால் போடும் நம் வழக்கத்தைப் பதிவாளருக்கு விளக்கப்போய், பாட்டன் பெயரையே குடும்பப் பெயராக்கிக்கொண்டு திரும்பிய நண்பர்கள் எனக்கு உண்டு. குடியுரிமைச் சடங்கும் கவுன்சில் மண்டபத்தில்தான் நடக்கும். 2004 பெப்ரவரியில் நாட்டின் முதலாவது சடங்கு பிரென்ட் நகர மண்டபத்தில் நடந்தபோது அன்றைய இளவரசர் சார்ல்ஸ் வந்திருந்தார். எங்களுக்கு வந்தவர் கழுத்தில் தங்கச் சங்கிலி அணிந்த பரோ மேயர். அவர்தான் கவுன்சிலை ஆள்கிறார் என்று நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். பெரும்பாலான பரோக்களில் அந்தச் சங்கிலி வெறும் அலங்காரம். அதிகாரம் பெரும்பான்மைக் கட்சியின் தலைவரிடம் இருக்கும். ஹக்னி, நியூஹம், லூயிஷம், டவர் ஹம்லெட்ஸ், 2022 முதல் குரோய்டன் ஆகிய ஐந்தில் மட்டும் மக்களே ஆட்சி செய்யும் மேயரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

வீட்டைப் பற்றி எழுதாமல் கவுன்சிலைப் பற்றி எழுதுவது பொய்யாகும். நம்மவர் பேச்சில் “கவுன்சில் வீடு” என்பது ஒரு காலத்தில் எளிதில் கிடைத்த ஒன்று போல ஒலிக்கும். 1980ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டம் வாடகைக்கு இருந்தவர்களே அந்த வீடுகளைக் கழிவு விலையில் வாங்க வழிசெய்தது. விற்ற அளவுக்குப் புதிதாகக் கட்டப்படவில்லை. இன்று ஐம்பது லண்டன்வாசிகளில் ஒருவர் தற்காலிகத் தங்குமிடத்தில் இருக்கிறார் என்று பரோக்களின் கூட்டமைப்பு 2024இல் கணித்தது. பிள்ளைகளோடு இருப்பவர்களைச் சமையலறையைப் பகிரும் விடுதிகளில் ஆறு வாரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் உண்டு. அந்த எல்லை மீறப்படுவதும் உண்டு. ஹரோ கிழக்கு நாடாளுமன்ற உறுப்பினர் பொப் பிளாக்மன் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்து நிறைவேறிய 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வீட்டை இழந்த பிறகுதான் என்றில்லாமல், இழக்கும் ஆபத்து வந்தவுடனேயே கவுன்சிலை நாடலாம். வீட்டுக்காரர் எழும்பச் சொல்லிக் கடிதம் தந்த அன்றே போக வேண்டும். நம்மவர்களில் பலர் வெட்கப்பட்டுக்கொண்டு கடைசி நாள்வரை உறவினர் வீடுகளில் ஒதுங்கிப் பார்த்துவிட்டே போகிறார்கள்.

கேட்டும் செவிசாய்க்காத கவுன்சில் என்ன ஆகும் என்பதை 2017 ஜூன் 14ஆம் திகதி விடியற்காலையில் நகரமே பார்த்தது. கென்சிங்டன், செல்சி பரோவுக்குச் சொந்தமான கிரென்ஃபெல் என்ற அடுக்குமாடிக் கோபுரம் தீப்பிடித்து 72 பேர் இறந்தார்கள். பெரும் அனர்த்தம் ஒன்று நேர்ந்தால்தான் நிர்வாகம் கண் திறக்கும் என்று அங்கே குடியிருந்தவர்கள் முந்திய ஆண்டே எழுதிவைத்திருந்தார்கள். தீக்குப் பிந்தைய நாட்களில் கவுன்சிலின் உதவி ஒழுங்கின்றிக் கிடந்தபோது, உணவும் உடையும் கொடுத்தவர்கள் அக்கம்பக்கத்துப் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் தன்னார்வலர்களும். கவுன்சில் தலைவர் அந்த மாத முடிவில் பதவி விலகினார்.

நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை, 2018, 2022, 2026 என்ற வரிசையில், மே மாதத்தில் பரோக்கள் அனைத்துக்கும் ஒரே நாளில் தேர்தல் நடக்கும். பிரித்தானியக் குடியுரிமை இருந்தால்தான் வாக்களிக்கலாம் என்று எண்ணிப் பெயரைப் பதியாமலே இருப்பவர்களை நான் எண்ணற்றுச் சந்தித்திருக்கிறேன். அது தவறு. இலங்கைக் கடவுச்சீட்டோ இந்தியக் கடவுச்சீட்டோ வைத்திருப்பவர், பொதுநலவாய நாட்டவர் என்ற முறையில், இங்கே சட்டப்படி வசித்தால் உள்ளூராட்சித் தேர்தலிலும் நாடாளுமன்றத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். 2023 முதல் சாவடிக்குப் படமுள்ள அடையாள அட்டை கொண்டுபோக வேண்டும். முதியோரின் இலவசப் பயண அட்டையான ஃபிரீடம் பாஸ் அதற்குப் போதும். அந்தப் பாஸுக்கான செலவையும் பரோக்கள்தான் கொடுக்கின்றன என்று சொன்னபோது, அன்ரி அதைப் பையிலிருந்து எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

கவுன்சிலர்கள் முழுநேரச் சம்பளக்காரர்கள் அல்லர். ஓர் உதவித்தொகை பெற்றுக்கொண்டு, பெரும்பாலும் வேறு வேலையும் பார்ப்பவர்கள். மக்களைச் சந்திக்க அவர்கள் ஒதுக்கும் நேரத்துக்குச் சர்ஜரி என்று பெயர். கவுன்சிலர் நூலகத்தில் சர்ஜரி வைத்திருக்கிறார் என்று ஒரு முறை சொன்னபோது, அம்மா “ஆருக்கு, என்ன வருத்தம்?” என்று பதறிவிட்டார். நாம் நேரடியாகத் தொலைபேசியில் சொன்னால் காற்றோடு போகக்கூடிய முறைப்பாட்டை ஒரு கவுன்சிலர் எழுதிக் கேட்டால், பெரும்பாலான கவுன்சில்களில் அதிகாரி குறித்த நாளுக்குள் பதில் எழுதியாக வேண்டும். அங்கேயும் நடக்காவிட்டால், கவுன்சிலின் முறைப்பாட்டுப் படிகளை முடித்துவிட்டு, பிரச்சினை தெரியவந்த பன்னிரண்டு மாதத்துக்குள், முறைப்பாடுகளைத் தனித்து நின்று விசாரிக்கும் உள்ளூராட்சி, சமூகப் பராமரிப்பு ஒம்புட்ஸ்மனிடம் போகலாம், செலவில்லை. எதற்கும் திகதியும் எழுத்தும் வேண்டும். “அண்டைக்கு ஒரு பொம்பிளை போனில சொன்னவ” என்பது எந்தப் படியிலும் சாட்சியாகாது.

அன்ரியின் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. அதில் எந்தக் கழிவும் இல்லை. கவுன்சில் வரி, வீட்டில் இரண்டு பெரியவர்கள் இருப்பதாக எடுத்துக்கொண்டு போடப்படுவது. ஒருவர் மட்டும் என்றால் கால்பங்கு தள்ளுபடி. மறதி நோய் முற்றிய ஒருவரை, மருத்துவர் சான்றளித்து, அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் போன்ற உதவிப்பணம் பெறும் உரிமையும் இருந்தால், சட்டம் இந்தக் கணக்கில் எண்ணுவதில்லை. அன்ரி தனியாக வாழ்பவராகக் கருதப்பட்டு, நூற்றுக்கு இருபத்தைந்து குறைந்திருக்க வேண்டும். அங்கிளுக்கு மறதி நோய் என்பது அந்தக் கவுன்சிலின் பராமரிப்புப் பிரிவுக்கு ஆண்டுக்கணக்காகத் தெரியும்; நாளைக்கு நான்கு தடவை ஆள் அனுப்புவதே அதற்காகத்தான். அதே கவுன்சிலின் வரிப் பிரிவுக்குத் தெரியாது. ஒன்று மற்றதிடம் சொல்லவில்லை, யாரும் அன்ரியிடமும் சொல்லவில்லை. உரியவருக்குத் தேடிக் கொடுக்க வேண்டிய உரிமையை, கேட்டால் மட்டும் கொடுக்கும் சலுகைபோல் வைத்திருப்பது எனக்குக் கவுன்சில்கள்மீதுள்ள முதன்மையான குறை. குப்பை ஒரு வாரம் பிந்தினால் நான் பொறுத்துக்கொள்வேன்.

விண்ணப்பம் இரண்டு பக்கம். குடும்ப மருத்துவரின் கையெழுத்துக்கு மூன்று வாரம் எடுத்தது. உதவிப்பணம் தொடங்கிய நாளையும் மருத்துவர் நோயை உறுதிசெய்த நாளையும் காட்டும் கடிதங்களை அன்ரி பழைய பிஸ்கட் டின் ஒன்றுக்குள் ஒன்றுவிடாமல் வைத்திருந்தார்; அதனால் பின்திகதியிட்டுக் கேட்க முடிந்தது. பராமரிப்பவர் என்ற முறையில் அன்ரிக்கும் தனி மதிப்பீடு கேட்கும் உரிமை பராமரிப்புச் சட்டத்தில் இருப்பதால், அதையும் எழுதிப் போட்டோம். ஜூன் மாதத்தில் திருத்திய பட்டியல் வந்தது. அதிகமாகக் கட்டிய தொகையைக் கணக்கில் வரவு வைத்திருந்தார்கள். அந்த ஆண்டுக்கு அன்ரி இனிக் கட்ட ஒன்றும் இருக்கவில்லை. அவர் அதை மூன்று தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு, கேரர் பிள்ளைக்குக் கொடுக்க வைத்திருந்த வடையில் இரண்டை என் கையில் வைத்துவிட்டு, “அப்ப வாசல் கல்லுக்கும் ஒருக்கா எழுதும் தம்பி” என்றார்.

எழுதினேன். கல்லின் உயரத்தை அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, திகதி போட்டு, எங்கள் வட்டாரக் கவுன்சிலர் மூவருக்கும் அனுப்பினேன். ஒருவர் அன்றே பதில் எழுதினார், மற்ற இருவரும் எழுதவில்லை. ஐந்தாவது வாரம் யாரோ வந்து அந்தக் கல்லைச் சுற்றி வெள்ளைச் சாயத்தால் ஒரு சதுரம் வரைந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அன்ரி தினமும் காலையில் கதவைத் திறந்து அதைப் பார்க்கிறார்.